செத்தவனுக்கு வந்த பணம்

அத்தியாயம் 6

திருடன் பணத்தை எடுப்பான். அது அவன் தொழில். எடுத்த பணத்தில் ஒரு பங்கை, செத்துப்போன ஆளின் கணக்குக்கு விடியற்காலையில் திருப்பி அனுப்பிய திருடனை நான் கேள்விப்பட்டதில்லை.

"காரியத்துக்கு மொய் செஞ்சிருப்பானோ என்னமோ" என்றேன்.

ரோஸ்மேரி மேடம் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஷைனி அழ ஆரம்பித்துவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மேடம் முன்பு ஒரு வங்கியில் வாராக்கடன் பிரிவில் இருந்தவர். கடன் வாங்கியவர்களைவிடக் கொடுத்தவர்கள் மேல் அதிகம் கோபப்பட்டதால் அந்த வேலை நிலைக்கவில்லை. இப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நிறுவனம் என்றால் அவர், ஒரு மேஜை, நான். என் பெயர் அப்துல் லத்தீப். பூ வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். அந்த வேன்தான் இப்போதும் எங்கள் வாகனம். எத்தனை தடவை கழுவினாலும் மல்லிகை வாசம் போகாததால், இழவு வீட்டுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரியே போய் இறங்குகிறோம்.

ஷைனியின் கதை இது. ஊரில் ஒரு பங்குத் தரகுக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை விவசாயி கண்ணன் என்பவர், ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் அவளிடம் வந்திருக்கிறார். போனிலேயே பங்கு வாங்கி விற்கிறார்களே, அதற்கு எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று கேட்டிருக்கிறார். அவள் தன் கம்பெனியைப் பிடித்துத் தலையில் கட்டவில்லை. எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"மூணு விஷயந்தான் சொன்னேன் மேடம். பங்குச் சந்தையக் கண்காணிக்கிற செபியோட பதிவு எண் இருக்கான்னு பாருங்க, அதை செபி வெப்சைட்லயே போட்டா அதே பேர் வருதான்னு பாருங்க. வாங்குற பங்கு உங்க பேர்ல இருக்கிற டிமேட் கணக்குல வந்து உக்காருதான்னு பாருங்க. போடுற பணம் கம்பெனி கணக்குக்குப் போகுதா, யாரோ தனி ஆள் கணக்குக்குப் போகுதான்னு பாருங்க. கமிஷன் கம்மியா கூடவான்னு பாக்குறதெல்லாம் அதுக்கப்பறம்னு சொன்னேன்."

கண்ணன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ஒழுங்கான ஒரு கம்பெனியில் கணக்கும் தொடங்கியிருக்கிறார். அடுத்த வாரமே அதை மூடிவிட்டு, 'நிறைகுடம் டிரேட்' என்று ஒரு செயலியில் போய் விழுந்துவிட்டார். அது செயலியே இல்லை, வலை. திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். பங்கு என்று ஒன்று எங்கேயும் இருக்காது. அந்த நிறைகுடத்தின் வாட்சப் குழுவில் 'உதவிக்கு' என்று இருந்த எண்ணில் ஷைனியின் படமும் பெயரும் ஒட்டியிருந்தன. அவள் வாட்சப்பில் வைத்திருந்த படத்தை யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணன் தன் ஆறு லட்சத்தையும் திருப்பிக் கேட்டார். வரி கட்டினால்தான் கிடைக்கும் என்று பதில் வந்தது. கொஞ்சமாவது இன்றைக்கே அனுப்புங்கள் மேடம் என்று கெஞ்சினார். அதற்குப் பதிலே வரவில்லை. அன்று ராத்திரி தன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டார். சனிக்கிழமை விடியும்போது அவர் கணக்கில் நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய் வந்து விழுந்தது.

கண்ணனின் அக்கா தமிழ்மதி ஷைனி மேல் புகார் கொடுத்தாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. நாளைக் காலை ஷைனி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பணம் வந்து சேர்ந்த கணக்குகளெல்லாம் வடக்கே எங்கேயோ உள்ள கூலித் தொழிலாளிகள் பெயரில் இருந்ததால், போலீசுக்குக் கைக்கு எட்டியது படத்தில் இருந்த இந்தப் பிள்ளைதான். கடைசியாக வந்த பணத்தைப் பற்றி இன்ஸ்பெக்டருக்கு ஒரு விளக்கம்கூட இருந்தது. உனக்கு மனசாட்சி உறுத்தியிருக்கிறது, அதான் அனுப்பிவிட்டாய் என்றாராம்.

மேடம் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மனசாட்சி உறுத்தி நீ அனுப்புறதா இருந்தா, எவ்வளவு அனுப்பியிருப்ப?"

ஷைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "மொத்தமா அனுப்பியிருப்பேன். இல்லன்னா ஏதோ ஐம்பதாயிரம், லட்சம்னு."

"அதான் எனக்கும் இடிக்குது" என்றார் மேடம். "பாய், வண்டிய எடுங்க."

கொடைரோடு வழியாகப் போனோம். வெயில் சாயவில்லை. சிறுமலை இடது பக்கமாகவே கூட வந்துகொண்டிருந்தது. மேடம் பேசவில்லை. அவர் பேசாவிட்டால் நான் பேச வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். ஆனால் அன்றைக்கு எனக்கும் ஓடவில்லை. ஷைனி போகும்போது படியில் நின்று, எங்கம்மா ஸ்கூல்ல பாடம் எடுக்கிறாங்க, நான் உள்ள போயிட்டா அவங்க எப்படி கிளாசுக்குப் போவாங்க என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். என்னிடம் கேட்டு என்ன செய்ய? நான் டிரைவர்.

கண்ணனின் வீடு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வாசலில் அவர் மனைவி புவனேஸ்வரியும் பக்கத்துத் தோட்டத்து ஒச்சாயிக் கிழவியும் சாக்கை விரித்து உட்கார்ந்து பூவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீடாக இருந்தாலும் செடி நிற்காது. மல்லிகை அன்றன்றைக்குப் பூத்துத்தான் தீரும். ஷைனி தரப்பில் வந்திருக்கிறோம் என்று மேடம் மறைக்காமல் சொன்னதும் புவனேஸ்வரி எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒச்சாயி எங்களைப் பார்த்த பார்வையில் வண்டியின் மல்லிகை வாசமே கருகியிருக்கும்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெண் எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்தார். பூவைப் பிரிக்க ஆரம்பித்தார். பிறகு மேடம் வாசற்படியைப் பார்த்துச் சொன்னார்:

"ஷைனி செஞ்சிருந்தா நானே கொண்டுபோய் ஸ்டேஷன்ல விட்டுருவேன்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாப்பத்தோராயிரத்து அறுநூறு. அது என்ன கணக்கு?"

அப்புறம் புவனேஸ்வரி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

நாத்தனார் தமிழ்மதியின் மகள் பெரிய மனுஷி ஆகியிருந்தாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சடங்கு. தாய்மாமன் சீராகக் கண்ணன் ஒரு தங்கச் சங்கிலி எடுத்து, முன்பணம் கட்டியிருந்தார். மிச்சத்தைக் கட்டிவிட்டுச் சனிக்கிழமை சங்கிலியை வாங்கிவர வேண்டும். அந்த மிச்சம்தான் நாற்பத்தோராயிரத்து அறுநூறு, ரூபாய் பிசகாமல்.

"சீர் இல்லாம சபையில எப்படி நிப்பேன்னு அன்னைக்குப் பூரா அதயே சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றாள். "ராத்திரி தூக்கம் வரல, மோட்டாரப் பாத்துட்டு வாரேன்னு போனாரு. போன் கட்டில்லயே கெடந்துச்சு. விடியுறப்ப டிங்குன்னுச்சு. பாத்தா பணம். எடுத்துக்கிட்டு ஓடுனேன். ஏங்க, பணம் வந்துருச்சுங்க, பணம் வந்துருச்சுங்கன்னு கத்திக்கிட்டே ஓடுனேன். கெணத்தச் சுத்தி ஆளா நின்னாக."

ஒச்சாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் வேன் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்கு வேலையில்லாத இடங்களில் அதுவும் ஒன்று.

சங்கிலிக்கு மிச்சம் எவ்வளவு என்று யார் யாருக்குத் தெரியும் என்று மேடம் கேட்டார். அவர், நான், நகைக்கடைக்காரர் என்றாள் புவனேஸ்வரி. பிள்ளைக்குப் பிடித்த மாதிரி எடுக்க வேண்டும் என்று அக்காவையும் கூடக் கூட்டிப் போனார் என்றாள். அந்த அக்காதான் இப்போது தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாளாம். புகார் கொடுக்க அலைந்ததும் அவள்தானாம். அண்ணன் தம்பி இல்லாத வீட்டில் அக்காளே ஆம்பிளையாக நின்றாள் என்று ஊரே சொல்கிறதாம்.

"முதல்ல தொறந்த கணக்க ஏன் மூடினாரு?" என்றார் மேடம்.

"ரெண்டு பங்க வித்துப் பாத்தாரு. சாயங்காலம் காசு வரல. கேட்டதுக்கு, மறுநாளைக்குத்தான் வரும், அதுதான் முறைன்னாகளாம். அன்னைக்கே மூடிட்டாரு."

அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. மேடத்துக்கு நான் விளக்கினேன். பூ வியாபாரத்தில் ஒரே சட்டம்தான். காலையில் கமிஷன் கடையில் பூவைப் போட்டால் பொழுது சாய்வதற்குள் காசு கைக்கு வர வேண்டும். பூ வாடுவதற்குள் காசு வராத கடைக்காரன் கள்ளன். மறுநாள் அவன் வாசலில் ஒரு கூடை இறங்காது. புதுக் கடை என்றால் முதலில் ஒரு படி பூவைப் போட்டுப் பார்ப்பார்கள். கண்ணனும் அதே மாதிரி இரண்டு பங்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒழுங்கான கம்பெனி ஒழுங்காக ஒரு நாள் எடுத்துக்கொண்டது. கள்ளன் என்று முடிவு கட்டிவிட்டார். நிறைகுடம் சாயங்காலத்துக்குள் கொடுத்தது. யோக்கியன் என்று முடிவு கட்டிவிட்டார். ஷைனி சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு, தலைமுறை தலைமுறையாகத் தனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துப் பார்த்தார். மனுஷன் முட்டாள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எனக்கும் குடுத்தாகளே" என்றாள் ஒச்சாயி திடீரென்று. அவளும் ஆட்டுக்குட்டி விற்ற காசை நிறைகுடத்தில் போட்டிருந்தாள். பேரன் போனில் இறக்கிக் கொடுத்திருந்தானாம். பெரிய தொகை கேட்டால்தான் இழுத்தடிப்பார்கள், நூறு இருநூறு கேட்டால் இன்றைக்கும் வரும் என்றாள். "நேரங்காலம் தெரிஞ்ச பிள்ளைக அப்பு. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாத்தான் இருக்கணும்னு நான் அப்பவே சொன்னேன்."

"எத வச்சும்மா சொல்றீங்க?" என்றார் மேடம். பூவைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"வெள்ளிக்கெழம கேட்டா விளக்கு வைக்கிறதுக்குள்ள அனுப்பிருவாக. விளக்கு வச்சப்பறம் கேட்டா அனுப்ப மாட்டாக. சனிக்கெழம காலையிலதான் வரும். வீட்டு லச்சுமிய வெளிய விடக்கூடாதுன்னு தெரிஞ்சவுக."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்பு தீர்ந்துபோனால் அம்மா பக்கத்து வீட்டில் கேட்க மாட்டார். அவர்கள் விளக்கு வைத்த பிறகு காசோ உப்போ தயிரோ வாசற்படி தாண்டாது, கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்பார். ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று விளக்கு வைக்கிற நேரம் பார்த்துக் கல்லாவை மூடுகிறது என்றால், அது கம்பெனியே இல்லை. யாரோ ஒரு ஆள், இந்த மண்ணில் ஏதோ ஒரு வீட்டில் உட்கார்ந்து, தன் கையாலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறார். சத்தியமாக அது ஷைனி இல்லை. ஷைனி வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை சொல்வார்களே தவிர, கல்லாவை மூட மாட்டார்கள்.

மேடம் ஒச்சாயியிடம் குனிந்து மெதுவாக ஏதோ சொல்லிக் கொடுத்தார். அவள் நம்பரை என் போனில் ஏற்றிவிட்டு, என் நம்பரைக் காட்டினார். மிஸ்டு கால் வந்தால் நிறைகுடத்தில் இருநூறு ரூபாய் கேட்க வேண்டும், இரண்டாவது வந்தால் இரண்டாவது தடவை கேட்க வேண்டும். மிஸ்டு கால் விஷயத்தில் கிழவிக்குப் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

வண்டியில் ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை. மோகன்குமார்தானே என்றேன். நிலக்கோட்டையில் பெரிய கமிஷன் கடை. பூக்காரன் புத்தி தெரிந்தவன். சாயங்காலம் காசு கொடுப்பதில் பெயர் வாங்கியவன். வெள்ளிக்கிழமை கடைக்குச் சாம்பிராணி போட்டால் அரைத் தெருவுக்கு இருமல் வரும். எல்லாம் பொருந்தியது. நேராக அவன் கடைக்கு விடவா என்றேன்.

"மோகன்குமாருக்குக் கண்ணன் கேட்டது தெரியும்னு வச்சுக்குவோம்" என்றார் மேடம். "சங்கிலிக்கு மிச்சம் எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

"நகைக்கடைக்காரன்?"

"நகைக்கடைக்காரன் எதுக்குத் தன்கிட்டயே வரப்போற பணத்தத் தானே அனுப்பணும்? பாய், கண்ணன் ஆறு லட்சம் கேட்டாரு. அது வரல. அவருக்கு அவசரமாத் தேவைப்பட்டது எவ்வளவோ, அது மட்டும் வந்துச்சு. கேட்டதக் குடுத்தா கம்பெனி. தேவைப்பட்டதக் குடுத்தா சொந்தம்."

நான் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த மினி பஸ்காரன் என் தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

"சாப்பாடு கொண்டுவந்து வைக்கிற பொம்பள மேடம்" என்றேன்.

"ஆமா" என்றார். "எனக்கும் அது தப்பா இருக்கணும்னுதான் இருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அங்க இருக்கணும், போங்க."

தமிழ்மதியின் வீடு நிலக்கோட்டையில், மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. முன்னறையில் ஆன்லைன் சென்டர் வைத்திருந்தாள்: சாதிச் சான்றிதழ், பட்டா, ரயில் டிக்கெட், ஆதார் திருத்தம். புருஷன் வளைகுடாவில் இருந்தார். நாங்கள் போனபோது கடையைப் பாதி சாத்திவிட்டு, தலைக்கு ஊற்றிய ஈரம் காயாமல், உள்ளறையில் குத்துவிளக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள். மகள் டியூஷன் போயிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த அழுகை நடிப்பில்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

ஷைனி தரப்பு என்று சொல்லியும் அவள் விரட்டவில்லை. உட்காரச் சொன்னாள். அவளுடைய போன் மேஜை மேல் எங்கள் கண் முன்னால் கிடந்தது. புகாரை எதற்காக ஷைனி மேல் கொடுத்தீர்கள் என்று மேடம் கேட்டார். படம் அவளுடையதாக இருந்ததே என்றாள். உங்கள் தம்பி நிறைகுடத்தில் பணம் போடுவது உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள்.

நான் பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒச்சாயிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.

மேஜை மேல் இருந்த போன் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளறையிலிருந்து 'டிங்' என்றது. விளக்குக்குப் பின்னால், சாமி படங்களுக்கு அடியில் இருந்த அலமாரியிலிருந்து வந்தது.

தமிழ்மதி நிமிரவில்லை. நான் இரண்டாவது மிஸ்டு கால் கொடுத்தேன். எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறோம். அப்போதெல்லாம் எனக்கு ஒரு குஷி வரும். அன்றைக்கு வரவில்லை. அந்த டிங் வராமல் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்றிருந்தது.

வந்தது.

"ஒச்சாயி அம்மாதான்" என்றார் மேடம். "இருநூறு ரூவா கேக்குறாங்க. இன்னைக்கே வேணுமாம். அனுப்புவீங்களா?"

தமிழ்மதி உட்கார்ந்த இடத்திலேயே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். சத்தம் போட்டு அழவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

முதலில் ஏமாந்தது அவள்தான். புருஷன் அனுப்பிய காசு முழுவதையும் நிறைகுடத்தில் போட்டு, எடுக்க முடியாமல் போனது. அந்தப் பக்கத்திலிருந்து பேசியவன், யாரென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது, அழாதே அக்கா என்றானாம். உங்கள் ஊர் ஆட்களுக்கு உதவி செய்கிற வேலையை நீ பார், சின்னத் தொகை கேட்டால் நீயே அனுப்பு, பெரிய தொகை கேட்டால் வரி கட்டச் சொல்லு, இத்தனை பேர் சேர்ந்ததும் உன் பணம் வந்துவிடும் என்றானாம். பணம் அனுப்ப யாரோ ஒருத்தன் பெயரில் கணக்கு ஏற்றிய ஒரு போனையும் கூரியரில் அனுப்பினானாம். பூக்காரர்களிடம் சாயங்காலமே காசு கொடுத்தால்தான் நம்புவார்கள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள். படத்துக்கு யாராவது படித்த பெண் வேண்டும் என்றபோது ஷைனியின் படத்தை எடுத்துக் கொடுத்ததும் அவள். தம்பி ஷைனியிடம் யோசனை கேட்கப் போனபோது கூடப் போயிருந்ததால் ஷைனியின் நம்பர் அவளிடம் இருந்தது. தன் பணம் வந்ததும் எல்லாரிடமும் சொல்லி நிறுத்திவிட வேண்டும் என்றுதான் இருந்தாளாம். வேலியே பயிரை மேய்ந்த கதை. அதிலும் இந்த வேலியை முதலில் வேறொருத்தன் மேய்ந்துவிட்டுப் போயிருந்தான்.

"ஒரு நாள் எந்தம்பி பேரே வந்து நின்னுச்சு" என்றாள். "மார்க்கெட்ல யாரோ சொல்லித் தானாச் சேந்திருக்கான். போடாதடான்னு சொல்லியிருக்கலாம். சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பான்ல?"

கேட்டிருப்பார்தான். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கலாம். எனக்கு வாய்வரை வந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான்; ஆனால் அதற்கும் ஒரு அளவில்லையா?

மேடம் குரலை உயர்த்தாமல் கேட்டார். "அந்த வெள்ளிக்கிழமை அவர் கெஞ்சினப்ப, நீங்க ஏன் பதில் போடல?"

தமிழ்மதி விளக்கைப் பார்த்தாள்.

"என்னைய மேடம் மேடம்னு கூப்புட்டான், எந்தம்பி" என்றாள். "படிச்சதும் தாங்கல. சீருக்குத்தான் தவிக்கிறான்னு தெரியும். எம் மகளுக்குத்தான அந்தச் சீரு. கைக்காசு இருந்துச்சு. சங்கிலிக்கு மிச்சத்த அனுப்பிருவோம், நாளைக்கு வாங்கிட்டுத் தலநிமுந்து வரட்டும்னு போனக் கையில எடுத்துட்டேன். அப்பத்தான் விளக்கு ஏத்தி வச்சிருந்தேன்."

அவள் நிறுத்தினாள்.

"வெள்ளிக்கெழம விளக்கு வச்சப்பறம் காசு வெளிய போனா வீட்டுக்கு ஆகாதுன்னு எங்காத்தா சொல்லும். ஏற்கனவே இம்புட்டும் போயிருச்சு, இதுலயும் குத்தம் வேணாம்னு நெனச்சேன். பதில் எதுக்கு, காலையில பணமே போயிருமேன்னு வச்சிட்டேன். ராவெல்லாம் முழிச்சுக் கெடந்து, வெளிச்சம் வந்ததும் மொத வேலையா அனுப்பிட்டேன். அனுப்பிட்டுக் கோலம் போட்டுக்கிட்டிருந்தேன். அப்பத்தான் போன் வந்துச்சு."

ரோஸ்மேரி மேடம் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்தார். துடைத்துவிட்டு, நாளைக் காலையில் ஷைனிக்கு முன்னால் நீங்கள் ஸ்டேஷனில் இருக்க வேண்டும், நானும் கூட வருகிறேன் என்றார். நீங்களும் ஏமாந்தவர் என்பதை நானே சொல்கிறேன், ஆனால் அந்தப் பிள்ளை மேல் பழி போட்டதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். மகளை யார் வீட்டில் விடுவது என்று கேட்டாள் தமிழ்மதி. புவனேஸ்வரியிடம் விட முடியுமா என்று அவளே கேட்டுவிட்டு, அவளே தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அந்தப் போனக் குடுங்க" என்றார் மேடம்.

தமிழ்மதி எழுந்து உள்ளே போனாள். அலமாரியைத் திறந்து போனை எடுத்தாள். வாசற்படிவரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். நீட்டிய கை பாதியில் நின்றது. பின்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் எங்களைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். காலையில் தருகிறேன் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். மேடம் கையை நீட்டியபடியே இருந்தார்.

தமிழ்மதி திரும்பிப் போனாள். சாமி படத்தில் சாத்தியிருந்த மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, சுடரை அமர்த்தினாள். அறை இருண்டது. திரி புகைந்துகொண்டிருக்கும்போதே வந்து போனை மேடத்தின் கையில் வைத்தாள்.

"இம்புட்டுதான் மேடம்" என்றாள். "அன்னைக்கும் இம்புட்டுதான் செஞ்சிருக்கணும்."

அவள் கையில் அந்தப் பூ இன்னும் இருந்தது. நான் எழுந்து போய் லைட்டுக்கான சுவிட்சைத் தேடினேன்.